லென்ஸ்கியின் 12 குடுவைகள்: தகுதியை எப்படி அளக்கிறார்கள்? சிட்ரேட் விஷயத்தில் நடந்தது என்ன?

இளவேனில்:

அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரி 24-ல் தொடங்கிய, இ.கோலை பாக்டீரியாவை 12 குடுவைகளில் தினமும் வளர்த்துப் பார்க்கும் நெடுங்காலப் பரிணாமச் சோதனையைப் பற்றித் தேடினால், "31,000 தலைமுறை கழித்து பாக்டீரியா சிட்ரேட் தின்னக் கற்றுக்கொண்டது" என்ற ஒற்றை வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வரிக்கு அடியில் கிடக்கும் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தினமும் என்ன செய்கிறார்கள், மீடியத்தில் (பாக்டீரியா வளரும் ஊட்டக் கரைசல்) குளுக்கோஸை ஏன் அவ்வளவு கொஞ்சமாக வைத்தார்கள்? 2,000 தலைமுறையில் தகுதி (மூதாதையோடு ஒப்பிட்ட பெருகும் திறன்) 37 சதவீதம் கூடியது என்கிறார்களே, அந்த எண் எப்படி வருகிறது? சிட்ரேட் விஷயத்தில், லென்ஸ்கிக்கு 15 ஆண்டு ஆனது 2016-ல் இன்னொரு குழுவுக்குச் சில வாரங்களில் கிடைத்ததாமே, இதில் எதை நம்புவது? கடைசியாக, முனைவர் பட்டத்துக்கு வண்டுகளை ஆராய்ந்தவர் பாக்டீரியாவுக்கு ஏன் வந்தார்?

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 12 வாரம் இதைச் சிறிய அளவில் செய்ய முடியுமா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

ஆய்வுமேசை:

அன்றாட வேலையை மட்டும் நான் சொல்கிறேன்.

மூதாதை இ.கோலை பி வகை, பெயர் ஆர்இஎல்606. அதற்கு அராபினோஸ் என்ற சர்க்கரையைப் பயன்படுத்தத் தெரியாது. அதிலிருந்து டிஎன்ஏ மாற்றத்தால், அதாவது பிறழ்வால், தானாக வந்த வகை ஆர்இஎல்607, இதற்குத் தெரியும். முன்னதில் ஆறு குடுவை, பின்னதில் ஆறு. பெயர்கள் அரா மைனஸ் 1 முதல் 6 வரை, அரா பிளஸ் 1 முதல் 6 வரை. இந்த வகை ஒன்றோடொன்று மரபணு மாற்றிக்கொள்ளாது, செல்லுக்குச் செல் தாவக்கூடிய டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடும் கிடையாது. அதனால் ஒரு குடுவையில் பின்னால் தோன்றும் எந்த வேறுபாடும் அந்தக் குடுவைக்குள் நடந்த பிறழ்வாகத்தான் இருக்க வேண்டும்.

50 மி.லி. கூம்புக் குடுவை, அதில் 10 மி.லி. மீடியம், 37 டிகிரி, நிமிடத்துக்கு 120 சுற்று ஆட்டம். மறுநாள் அதிலிருந்து 0.1 மி.லி. எடுத்து 9.9 மி.லி. புது மீடியத்தில் விட வேண்டும். 100 மடங்கு குறைந்த கூட்டம் பழைய அளவுக்கு வர 6.64 முறை இரட்டிக்க வேண்டும், ஆக ஒரு நாளைக்கு 6.64 தலைமுறை. 75 நாளுக்கு ஒரு முறை, அதாவது 500 தலைமுறைக்கு ஒரு முறை, ஒவ்வொரு குடுவையிலிருந்தும் மாதிரி எடுத்து கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பார்கள். உறைந்தவை சாவதில்லை. 5,000-வது தலைமுறையை எழுப்பி 50,000-வது தலைமுறையோடு ஒரே குடுவையில் மோதவிடலாம். என்னைக் கேட்டால் இந்தச் சோதனையின் மையம் குடுவை இல்லை, அந்த உறைபெட்டிதான்.

குளுக்கோஸ் லிட்டருக்கு 25 மி.கி. ஒரு குடுவைக்குக் கணக்குப் போட்டால் கால் மில்லிகிராம்! மில்லிலிட்டருக்குச் சுமார் 5 கோடி செல் வந்ததும் தீர்ந்துவிடும். சில மணி நேரத்தில் உணவு காலி, மீதி நாள் பட்டினி. இவ்வளவு குறைவாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அடர்த்தி ஏறினால் செல்கள் வெளியே தள்ளும் அசிடேட் போன்ற கழிவு சேரும், அதைத் தின்னத் தனிக் கூட்டம் கிளம்பும். அப்புறம் குடுவை ஒரு குட்டிச் சூழல்மண்டலம் ஆகிவிடும், தகுதி என்ற ஒற்றை எண்ணுக்குப் பொருள் தேய்ந்துவிடும். இத்தனை கவனத்துக்குப் பிறகும் அரா மைனஸ் 2-ல் அது நடந்துவிட்டது. தட்டில் பெரிய காலனி (ஒரு செல்லிலிருந்து பெருகிய திட்டு) போடும் வம்சமும் சிறிய காலனி போடும் வம்சமும் அங்கே பல்லாயிரம் தலைமுறை சேர்ந்தே வாழ்ந்தன.

மீடியம் தயாரிப்பில் சறுக்கும் இடங்கள் இவை. ஒரு லிட்டருக்கு டைபொட்டாசியம் பாஸ்பேட் (நீரற்றது) 5.34 கிராம், மோனோபொட்டாசியம் பாஸ்பேட் 2 கிராம், அம்மோனியம் சல்பேட் 1 கிராம், சோடியம் சிட்ரேட் அரை கிராம். இதைத் தனியே ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) ஆறவிட வேண்டும். பிறகு 10 சதவீத மெக்னீசியம் சல்பேட் 1 மி.லி., 0.2 சதவீத தயமின் 1 மி.லி., 10 சதவீத குளுக்கோஸ் 0.25 மி.லி. சேர்க்க வேண்டும். தயமினை வடிகட்டித்தான் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், சூடு ஆகாது. மெக்னீசியத்தைப் பாஸ்பேட்டோடு சேர்த்துச் சூடாக்கினால் வெண்படிவு விழும். குளுக்கோஸைச் சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பேறும், எவ்வளவு மிஞ்சியது என்று சொல்ல முடியாது. குடுவையில் சோப்புத்தடம் இருக்கவே கூடாது. கால் மில்லிகிராம் உணவில் ஓடும் சோதனைக்கு, கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் ஒரு வேளைச் சாப்பாடு, அல்லது விஷம்.

குடுவை மாற்றும்போது ஒரு அரா மைனஸ், ஒரு அரா பிளஸ் என்று மாற்றி மாற்றித்தான் போவார்கள். பைப்பெட் தவறி ஒன்றிலிருந்து அடுத்ததில் துளி விழுந்தால், அராபினோஸ் தட்டில் இரண்டுக்கும் நிறம் வேறு என்பதால் நிறம் மாறிய காலனி காட்டிக்கொடுத்துவிடும். பாக்டீரியா விடாத வெற்று மீடியக் குடுவையும் கூடவே ஓடும். அது கலங்கினால் அன்றைய வேலை செல்லாது. அதற்காகத்தான் நேற்றைய குடுவைகளை உடனே கொட்டாமல் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள்.

மடக்கைக்கணக்கு:

தகுதி பற்றி. "வேகமாக வளர்கிறதா" என்று தனித்தனியாக அளப்பதில்லை. இரண்டையும் ஒரே குடுவையில் போட்டு, ஒரே நாளில் எது எத்தனை முறை இரட்டித்தது என்று எண்ணி வகுப்பார்கள், அவ்வளவுதான்.

பரிணமித்தது அரா மைனஸ் என்றால் எதிராளி அரா பிளஸ் மூதாதை. இரண்டையும் உறைபெட்டியிலிருந்து எழுப்பி, சோதனை மீடியத்திலேயே ஒரு முழு நாள் பழக்க வேண்டும். ஒன்றை மட்டும் பழக்கி மற்றதை அப்படியே விட்டால் முதல் சில மணி நேரத் தாமதம் வேறுபடும், எண் பொய் சொல்லும். பிறகு ஒவ்வொன்றிலும் 0.05 மி.லி. எடுத்து 9.9 மி.லி. மீடியத்தில் விட்டு, கலக்கிய உடனே ஒரு மாதிரி, 24 மணி நேரம் கழித்து ஒரு மாதிரி. முதல் மாதிரியை 100 மடங்கும் இரண்டாவதை 10,000 மடங்கும் நீர்த்து, 0.05 மி.லி. வீதம் டெட்ரசோலியம் சாயமும் அராபினோஸும் கலந்த அகர் கூழ்த் தட்டில் பரப்பினால் தட்டுக்கு 250 காலனி வரும். எண்ணத் தோதான அளவு.

அராபினோஸ் தின்னாதது சிவப்புக் காலனி. தின்பது அமிலம் விடும், அந்த அமிலத்தில் சாயம் சிவக்காது, காலனி வெளிர் நிறமாகத் தெரியும். தட்டில் 400, 500 காலனி நெருக்கியடித்தால் பக்கத்துக் காலனியின் அமிலம் பரவி நிறம் மயங்கும். அடைகாப்பு நேரம் கூடினாலும் இதே தொல்லை.

எண் உதாரணம்: தொடக்கத்தில் இரண்டும் மில்லிலிட்டருக்கு இரண்டரை இலட்சம். மறுநாள் பரிணமித்தது 3.2 கோடி, மூதாதை 1.6 கோடி. முன்னது 128 மடங்கு, பின்னது 64 மடங்கு. அதாவது 7 முறை இரட்டித்தது, 6 முறை இரட்டித்தது. தகுதி 7 வகுத்தல் 6, அதாவது 1.17. மடங்குகளின் மடக்கையை எடுத்து வகுத்தாலும் இதேதான். பலர் 128-ஐ 64-ஆல் வகுத்து "2 மடங்கு தகுதி" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அந்த எண் சோதனை எத்தனை நேரம் ஓடியது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும், இரட்டிப்புகளின் விகிதம் அப்படி மாறாது.

பிழை எவ்வளவு? ஒவ்வொரு நிறத்திலும் 125 காலனி எண்ணினால் எண்ணிக்கைப் பிழை மட்டுமே 9 சதவீதம். நான்கு எண்ணிக்கைகளும் தகுதிக்குள் நுழைவதால் ஒரு போட்டியின் பிழை சுமார் 0.04. ஒரே ஒரு போட்டியில் 1.02 வந்ததை வைத்து "2 சதவீத முன்னேற்றம்" என்று எழுதக் கூடாது. பிழையை 0.01-க்குக் கொண்டுவர 16 போட்டி வேண்டும், ஏனென்றால் பிழை பாதியாக முயற்சி நான்கு மடங்காக வேண்டும். நிறக் குறியே தகுதியைப் பாதிக்கிறதா என்று 606-ஐயும் 607-ஐயும் மோதவிட்டுப் பார்ப்பதும் கட்டாயம். விடை 1-ஐ ஒட்டி வர வேண்டும்.

தலைமுறை ஏற ஏற இன்னொரு சிக்கல். மூதாதை மிகவும் பின்தங்கிவிடுவதால் மறுநாள் தட்டில் அதன் காலனி விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறையும், பிழை வெடிக்கும். அப்போது இடைப்பட்ட தலைமுறை ஒன்றைப் பொது எதிராளியாக வைப்பார்கள். சில குடுவைகளின் பிற்காலச் சந்ததிகள் தட்டில் ஒழுங்கான காலனியே போடுவதில்லை. 2013-ல் வந்த 50,000 தலைமுறைக் கணக்கில் அந்தக் குடுவைகளின் பிற்காலத் தரவை விட்டுவிட்டார்கள். ஏற்றம் தணிந்துகொண்டே போனாலும் உச்சவரம்பு ஒன்றைத் தொட்டு நிற்பதாகத் தெரியவில்லை என்பதே அந்தக் கட்டுரையின் முடிவு.

முல்லைநிலம்:

சிட்ரேட். மேலே மீடியத்தில் அரை கிராம் சோடியம் சிட்ரேட் என்று இருக்கிறதே, கவனித்தீர்களா? உணவாகப் போட்டதில்லை, இரும்பைக் கரைசலில் பிடித்து வைக்கப் போட்டது. குளுக்கோஸைப் போல 20 மடங்கு எடை. முதல் நாளிலிருந்தே குடுவை முழுக்கச் சாப்பாடு, ஆனால் ஆக்சிஜன் இருக்கும்போது இ.கோலைக்கு அதை உள்ளே இழுக்கத் தெரியாது. பாக்டீரியா அடையாளம் காணும் பாடத்தில் வரும் சிம்மன்ஸ் சிட்ரேட் சோதனையில், சிட்ரேட் தின்றால் நீலமாகும் மீடியம் இ.கோலைக்குப் பச்சையாகவே நிற்பது இதனால்தான்.

அரா மைனஸ் 3 குடுவை 33,000 தலைமுறையை ஒட்டி வழக்கத்தைவிடப் பல மடங்கு கலங்கியது. முதல் சந்தேகம் வேற்றுக் கிருமி. சிட்ரேட் தின்னும் பாக்டீரியா ஏராளம். ஆனால் அந்தக் குடுவை வம்சத்துக்கே உரிய பிறழ்வுகள் இந்தச் செல்களிலும் இருந்தன. வெளியிலிருந்து வந்தது இல்லை. உறைபெட்டியில் பின்னோக்கித் தேடியபோது மிகப் பலவீனமான சிட்ரேட்காரர்கள் 31,500-ஐ ஒட்டியே தென்பட்டார்கள்.

"கற்றுக்கொண்டது" என்ற சொல்தான் குழப்புகிறது. சிட்ரேட்டை உள்ளே கொண்டுவரும் புரதத்துக்கான மரபணு இ.கோலையிடம் முன்பே உண்டு. ஆக்சிஜன் இல்லாதபோது மட்டும் வேலை செய்யும். அரா மைனஸ் 3-ல் அந்த மரபணு இருந்த துண்டு அடுத்தடுத்து இரண்டு பிரதியானது. இரண்டாம் பிரதி, ஆக்சிஜன் இருக்கும்போது இயங்கும் ஆர்என்கே என்ற மரபணுவை இயக்கிவைக்கும் புரோமோட்டர் பகுதிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. பூட்டிக் கிடந்த மரபணு புதிய சுவிட்சில் இணைந்தது. 2012-ல் சக்கரி பிளவுன்ட்டும் குழுவும் வெளியிட்டது இது.

அதைவிடச் சுவையானது 2008 கட்டுரையின் மறு ஓட்டம். ஒவ்வொரு காலத்திலிருந்தும் உறைந்த செல்லை எழுப்பி "இங்கிருந்து ஓடினால் சிட்ரேட் வருமா" என்று சோதித்தார்கள். மூதாதைச் செல்கள் பல இலட்சம் கோடி சோதித்தும் ஒன்றும் வரவில்லை. சுமார் 20,000 தலைமுறைக்குப் பிந்தையவற்றிலிருந்து அரிதாக, ஆனால் மீண்டும் மீண்டும் வந்தது. இடையில் நிகழ்ந்த வேறு பிறழ்வுகள் மண்ணை உழுது வைத்திருந்தன என்பது பொருள். உறைபெட்டி இல்லாவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

எதிர்வாதி:

முன் தயாரிப்பு என்ற வாதத்தை அப்படியே ஏற்பதற்கு முன் ஒரு கணக்கு. இ.கோலையில் ஒரு தலைமுறைக்கு ஒரு டிஎன்ஏ எழுத்து மாறும் வாய்ப்பு சுமார் 1,000 கோடியில் 1. மரபணுத்தொகுதி 46 இலட்சம் எழுத்து. ஒரு குடுவையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கோடி புதிய செல். பெருக்கினால் ஒரு குடுவையில் ஒரு நாளில் 2 இலட்சத்துக்கும் மேல் புதிய பிறழ்வு. சாத்தியமான ஒற்றை எழுத்து மாற்றங்கள் மொத்தமே 1.4 கோடிக்குக் கீழ். இரண்டு மூன்று மாதத்தில் அந்த எண்ணிக்கை முடிந்துவிடும். பிரதியாகும் நிகழ்வுகளும் பாக்டீரியாவில் அரிதில்லை. அப்படியிருக்க 15 ஆண்டு எதற்கு?

2016-ல் வான் ஹோஃப்வெகன், ஹோவ்டே, மின்னிச் மூவரும் இதைத்தான் கேட்டார்கள். குளுக்கோஸ் தீர்ந்த பிறகு சிட்ரேட்டோடு நீண்ட நாள் பட்டினி போட்டால், 100 தலைமுறைக்குள் சிட்ரேட் தின்னும் இ.கோலை கிடைத்தது. அதே மரபணு, அதே மாதிரிப் பிரதியாக்கம்.

முல்லைநிலம்:

கணக்கு சரி, முடிவில் ஒரு படி விட்டுப்போகிறது. அந்த 2 இலட்சம் பிறழ்வில் 99 சதவீதம் மறுநாள் 0.1 மி.லி.-க்குள் வராமல் கொட்டப்படுகிறது. தப்ப வேண்டுமென்றால் பிறழ்வு தோன்றிய செல், 24 மணி நேரத்துக்குள் மற்றவற்றைவிடத் தெளிவாக அதிகம் பெருக வேண்டும். புத்தம்புதிய சிட்ரேட்காரன் மிக மந்தம். குளுக்கோஸ் தீர்ந்து அது சிட்ரேட்டில் மெல்ல எழுவதற்குள் அடுத்த மாற்றல் வந்துவிடும். 2016 முறையில் மாற்றல் அவசரம் இல்லை, நாள்கணக்கில் காத்திருந்தார்கள், மந்தமானவனும் தேர்வானான். இரண்டு முடிவும் உண்மை, கேட்ட கேள்விதான் வேறு. ஒன்று "இந்த மாற்றம் சாத்தியமா" என்று கேட்கிறது. மற்றது "தினசரி 100 மடங்கு வெட்டில் இது நிலைக்குமா" என்று கேட்கிறது. அரா மைனஸ் 3-ல்கூடத் தோன்றியதற்கும் குடுவை கலங்கியதற்கும் இடையே ஆயிரம் தலைமுறைக்கு மேல் இடைவெளி உண்டு. அந்த நேரத்தில் பிரதிகள் மேலும் கூடின, வேறு பிறழ்வுகள் சேர்ந்தன.

எதிர்வாதி:

வெட்டின் இடைவெளிதான் வேறுபாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "அபூர்வப் புதுமை" என்ற அடைமொழியை அந்த இடைவெளியையும் சொல்லாமல் எழுதுவது சரியில்லை என்ற என் கருத்து மாறவில்லை.

தரைவண்டு:

பணிவாழ்க்கைக் கேள்விக்கு. லென்ஸ்கி 1976-ல் ஓபர்லின் கல்லூரியில் இளநிலை, 1982-ல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பொருள், தெற்கு அப்பலாச்சியக் காடுகளின் தரை வண்டுகள். களத்தில் மழையும் வெயிலும் உங்கள் சோதனையைக் கேட்டு வருவதில்லை, மாதிரி எண்ணிக்கை சிறிது, ஒரு தலைமுறை பார்க்கவே நீண்ட காலம் ஆகும். பரிணாமத்தை நிகழும்போதே, ஒரே தொடக்கத்திலிருந்து பல முறை பார்க்க வேண்டும் என்றால் உயிரியை மாற்றியாக வேண்டும். அதற்காக ஆம்ஹெர்ஸ்டில் புரூஸ் லெவினிடம் முதுமுனைவர் ஆய்வுக்குப் போனார். அங்கே பாக்டீரியாவும் அவற்றைத் தாக்கும் ஃபேஜ் வைரஸும் சேர்ந்து பரிணமிப்பது பற்றிய வேலை. 1985-ல் இர்வைனில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், பிறகு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம். 1996-ல் மெக்ஆர்தர் நிதிநல்கை, 2006-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர்.

நீங்கள் சொன்ன 37 சதவீதம் 1991-ல் வந்த முதல் கட்டுரையின் எண். முதலில் திட்டமிட்டதே 2,000 தலைமுறைதான். நிறுத்தியிருந்தால் அழகான ஒரு கட்டுரையோடு முடிந்திருக்கும். நிறுத்தாததால், மரபணுத்தொகுதியை முழுதாகப் படிக்கும் கருவி மலிந்தபோது உறைபெட்டி தயாராக இருந்தது. 2016-ல் 50,000 தலைமுறை வரையிலான 264 மரபணுத்தொகுதிகளை ஒரே கட்டுரையில் வெளியிட முடிந்தது அதனால்தான். 12-ல் 6 குடுவைகள் டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதாகிப் பிறழ்வு வேகம் பல மடங்கு கூடியவை என்பதும் இப்படித்தான் துல்லியமாகத் தெரிந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் சோதனையை நிறுத்தி உறைய வைத்தார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். 2022-ல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆஸ்டின் வளாகத்தில் ஜெஃப்ரி பாரிக்கின் ஆய்வகத்துக்கு மாறியது. பாரிக் முன்பு லென்ஸ்கியிடம் பணிசெய்தவர்.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் புள்ளியியலையும் கைச்சுத்தத்தையும் ஒரே எடையில் வைத்துப் பயிலுங்கள். பாரிக் குழுவின் பிரெசெக் என்ற இலவச மென்பொருளையும் பழகுங்கள். மூதாதையின் வரிசையையும் உங்கள் மாதிரியிலிருந்து படித்த டிஎன்ஏ துண்டுகளையும் கொடுத்தால் பிறழ்வுப் பட்டியல் தரும். ஓர் இடத்தில் மட்டும் துண்டுகளின் எண்ணிக்கை இரட்டித்திருந்தால் அங்கே பிரதியாக்கம் நடந்திருக்கலாம், அதையும் தவறாமல் பாருங்கள்.

இளவேனில்:

எல்லோருக்கும் நன்றி. 12 வாரக் கேள்வி பாக்கி. 84 நாள், 6.64-ஆல் பெருக்கினால் 558 தலைமுறை. அதற்குள் அளக்கக்கூடிய மாற்றம் வருமா? சிட்ரேட் மீடியத்தில் இருக்கட்டுமா?

ஆய்வுமேசை:

வரும். ஏற்றம் மிக வேகமாக இருப்பது முதல் சில நூறு தலைமுறைகளில்தான். 12 குடுவை வேண்டாம். நிறத்துக்கு மூன்று வீதம் ஆறு, கூட இரண்டு வெற்றுக் குடுவை. கடைசி நாளில் ஒரே போட்டி வைத்து முடிக்காதீர்கள். குடுவைக்கு ஆறு போட்டி வைத்தால் பிழை 0.016 அளவுக்கு இறங்கும், 5 சதவீத ஏற்றம்கூடத் தெளிவாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் மாற்றல் உண்டு. ஒரு நாள் விட்டால் பட்டினி 48 மணி நேரமாகும், அப்போது தேர்வாவது வேறு குணம். ஆள் இல்லாத நாள் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே உறைய வைத்து, திரும்பி வந்து எழுப்புங்கள். உறைய வைத்த தேதியையும் எழுப்பிய தேதியையும் தலைமுறைக் கணக்கோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். 15 நாளுக்கு ஒரு முறை, அதாவது 100 தலைமுறைக்கு ஒரு முறை, குடுவைக்கு இரண்டு குப்பி உறைய வையுங்கள். இரண்டும் வெவ்வேறு உறைபெட்டியில் இருக்கட்டும்.

சிட்ரேட் இருக்கட்டும், ஆனால் 558 தலைமுறையில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஏதாவது ஒரு குடுவை திடீரென்று கலங்கினால் வேற்றுக் கிருமி என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அராபினோஸ் தட்டில் நிறம் பாருங்கள். 606 வம்சத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பும் டி6 ஃபேஜ் எதிர்ப்பும் உண்டு, அந்த இரண்டையும் சோதியுங்கள். சிம்மன்ஸ் சோதனைக் குழாயின் அகர் சரிவில் கம்பி நுனியால் லேசாகத் தொட்டு இழுத்தால் போதும். அப்பித் தேய்த்தால், கூடவே ஒட்டி வரும் பழைய மீடியத்தாலேயே நீலம் காட்டிவிடும்.